போதும் என்றால் போதுமா?

செக்காலை ரோட்டில் கணினி வகுப்பில் சேர்ந்த நாள் முதலே அந்த இயந்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்தான். "பணியாரம் இன்னும் வேண்டுமா?" என்று கேட்டு, "போதும்" என்றதும் நின்றுவிடுகிற புரோகிராம் ஒன்றை எழுதச் சொன்னார் டீச்சர். நான் எழுதியதோ, போதும் என்றாலும் விடாமல் மறுபடி கேட்டது.

"போதும்னு சொன்ன பெறகும் ஏன் கேக்க வச்சிருக்கீக?" என்றார் டீச்சர்.

"மொதத் தடவ போதும்னு சொன்னா நம்ம ஊர்ல யாரு நம்புவா?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே என் வரியை அழித்தார். சொன்னதையெல்லாம் அப்படியே நம்புகிற ஒன்றை எப்படி நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் டீச்சர் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நல்ல பசி. பணியாரம் வைத்தார். மரியாதைக்காக, "போதும்" என்றேன்.

பணியாரப் பாத்திரத்தோடு உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை.