எந்த ஓரிரு இடங்கள்?

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதற்குள் நானே சொல்லிவிடுவது கௌரவம்.

'நகரில் ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்' என்று பேப்பரில் வார வானிலை போடுகிறார்களே... அந்த ஓரிரு இடங்கள் எவையென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், வேண்டுமென்றே நம்மிடம் மறைக்கிறார்கள் — போன மாதம் வரை இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தெரியாமலா அவ்வளவு கணக்காக எழுதுகிறார்கள்?

சாதாரண நாளாக இருந்தால் எக்கேடும் கெடட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் என் பெண் லலிதாவுக்குக் கல்யாணம். மாட்டுங்காவில் ஒரு ஹால்கூடக் காலி இல்லை. எங்கள் பில்டிங் மொட்டை மாடிதான் மண்டபம். அங்கேயே மணமேடை, அங்கேயே சமையல், அங்கேயே பந்தி.

இதில் செம்பூர் சம்பந்தி வேறு. ஆஸ்துமாக்காரர். நிச்சயதார்த்தத்தன்றே ஆகாயத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதோ பாருங்கோ, எனக்குத் தலையில ஈரம் ஆகாது. ஒரு சொட்டு விழுந்தாலும் எழுந்து போயிண்டே இருப்பேன். அப்புறம் குத்தம் சொல்லப்படாது."

அந்த வாரம் பேப்பரைப் பிரித்தால்... ஓரிரு இடங்கள்!

ஆபீஸிலிருந்து வானிலைக்காரர்களுக்கு போன் போட்டேன். "எந்த ஓரிரு இடங்கள், ஸார்? மாட்டுங்கா உண்டா, இல்லையா?"

"அது ஆண்டவனுக்குத்தான் தெரியும், ஸாப்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். பார்த்தீர்களா? மறைக்கிறார்கள்!

மாப்பிள்ளை ரமணி காலேஜில் பிஸிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விளக்கினார். "மேகம்னா பெரிய மாயமா மாமா? சூடான ஈரக் காத்து மேலே போறது. போகப் போகக் குளிர்றது. ஒட்டிக்க ஒரு தூசியோ புகையோ கிடைச்சா ஆவி சொட்டாறது. சொட்டு கனத்தா விழறது. அவ்வளவுதான்."

நான் தலையாட்டினேன். மாப்பிள்ளை பேசினால் தலையாட்டுவதுதானே மாமனார் உத்தியோகம்? என் காதில் ஏறியது 'விழறது' ஒன்றுதான்.

அடுத்த பஸ்ஸில் தாராவிக்கு ஓடினேன். அங்கே சுடலை அண்ணாச்சி — திருநெல்வேலிக்காரர், பந்தல் கான்ட்ராக்டர்.

"லாரிக்குப் போடுத தார்ப்பாய், ஸார். மேல இருந்து ஒரு சொட்டு உள்ள வராது, பாத்துக்கிடுங்க."

"பக்கத்திலிருந்து சாரல்?"

"நாலு பக்கமும் இறக்கிக் கட்டிருவோம்."

"இடுக்கு?"

"தச்சிருவோம்லா."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் என் மனைவி, "ஏன்னா, அத்தனை பேரும் மூச்சு விட வேண்டாமா?" என்றாள். சம்பந்தி மூச்சைப் பற்றி ஒரு நிபந்தனையும் போடவில்லையே!

கல்யாணத்தன்று விடிந்தது. தார்ப்பாய்க்குள் நாங்கள், டப்பாவுக்குள் வைத்த பட்சணம் மாதிரி. ஒரு மூலையில் மூன்று பெரிய கொப்பரைகளில் இட்லி. பக்கத்தில் காப்பிக்கு வெந்நீர். நடுவில் ஹோமம். புரோகிதர் மந்திரத்துக்கு நடுவே இருமினாரா, இருமலுக்கு நடுவே மந்திரம் சொன்னாரா என்று சொல்ல முடியவில்லை. எனக்கென்ன? ஒரு சொட்டு உள்ளே வராது!

தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்கு எடுத்து வந்தார்கள். சம்பந்தி தொட்டுக் கும்பிடக் குனிந்தார்.

சொட்.

வழுக்கையில் ஒன்று. நிமிர்ந்தார். மூக்கில் இன்னொன்று.

நாதஸ்வரம் தானாக நின்றது. சம்பந்தி மெதுவாக எழுந்தார். லலிதா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்த அப்பாவும் பார்க்கக் கூடாது. நான் மேலே பார்த்தேன். தார்ப்பாயின் அடிப்பக்கம் பூராவும் முத்து முத்தாகத் தண்ணீர்.

"அண்ணாச்சி! ஓட்டை!" என்று அலறினேன்.

முதல் வரிசையில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஓட்டையா? என் தார்ப்பாய்லயா? மேல ஏறிப் பாரும்! காஞ்சு கெடக்கு!"

மணமேடையிலிருந்து ரமணி நிதானமாகச் சொன்னார்: "அப்பா, உக்காருங்கோ. இது மழை இல்லே. இட்லி."

சம்பந்தி உட்காரவில்லை. விடுவிடுவென்று ஓரத்துக்குப் போனார். அண்ணாச்சியின் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். டர்ரென்று கிழிந்தது... உள்ளே கண் கூசும் வெயில். வெளியே போய் நின்று நீளமாக மூச்சு இழுத்தார். எங்கள் அத்தனை பேர் மூச்சும் அவரிடம்தான் இருந்தது.

திரும்பினார். "மழை உள்ளே பெய்யறது. நான் வெளியிலேயே நிக்கறேன். நீங்க ஆகவேண்டியதைப் பாருங்கோ!"

கெட்டிமேளம் கொட்டியது. அந்தக் கிழிசல் வழியாகக் கையை நீட்டி அட்சதை போட்டார். பிறகு இட்லியும் அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது: 'நேற்று நகரில் எங்கும் மழை பெய்யவில்லை.'