மாக்ரெட் கட்டிய பள்ளத்தாக்கு

என் அண்ணன் கிளறன்ஸின் மனைவி மாக்ரெட்டைப் பற்றிக் கொட்டாஞ்சேனையில் யாரைக் கேட்டாலும் நல்லதாகவே சொல்வார்கள். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளோடு ஒரே வீட்டில், ஒரே குசினியில் ஆயுள் முழுக்க இடிபட்டவள் நான். அண்ணனைக் கணக்கில் எடுக்க முடியாது. அவர் கலியாணத்தன்று தலையாட்டத் தொடங்கியவர், இன்னும் நிறுத்தவில்லை.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவரின் கடைசி மகள் அவள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. சமையலும் ஆகா ஓகோ என்று இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நத்தாருக்கு அவள் முன்னறையில் ஒரு பாலன் குடில் கட்டினாள், பாருங்கள், தெருவே திரண்டு வந்துவிட்டது. மண்ணிறக் கடதாசியைக் கசக்கி மலை, கண்ணாடித் துண்டுகளில் ஆறு, கரையெல்லாம் நெருப்புப் பெட்டி வீடுகள். மாட்டுத் தொழுவம் ஒரு மூலையில் கிடக்கும். மற்ற இடம் முழுக்க வீடுதான். சனம் இல்லாத ஊரில் பாலன் யாருக்குப் பிறக்கிறது என்று கேட்பாள். வந்தவர்கள் அதற்கும் ஆகா என்பார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது நான். அதை ஒருவரும் ஆகா என்று சொன்னதில்லை.

எனக்கென்று இருந்தது என் உத்தியோகம் ஒன்றுதான். வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்த ஒரு மாடியில், ஒஸ்வால்ட் சேரின் பொறியியல் அலுவலகத்தில் நான் வரைபடம் கீறினேன். எண்பதாம் ஆண்டுப் பக்கம் அங்கே பெரிய வேலை ஒன்று வந்தது. ஆபிரிக்காவில் ஓர் ஆறு. வடகரை ஒரு நாடு, தென்கரை இன்னொரு நாடு, எல்லை ஆற்றின் நடுவே ஓடுகிறது. அதில் அணை கட்டி இரண்டு நாடுகளும் மின்சாரம் எடுக்க வேண்டும். திட்டப்படங்கள் எங்கள் பொறுப்பு. இரண்டு நாட்டாருக்கும் ஒருவரையொருவர் கண்ணில் காட்டக் கூடாது. ஒரு கரையில் மின் நிலையம் கீறினால் மற்றக் கரையிலும் கீற வேண்டும். ஒரு கரையின் கோடு கொஞ்சம் தடித்தாலும் ஏன் என்று கேட்டு ஆள் வரும்.

அவர்களுடைய மனது எனக்கு நன்றாக விளங்கியது.

இரு தரப்பும் ஓம் என்றால், அணை கட்டும் இடத்து அலுவலகத்துக்கு எங்களில் ஒருவரை அனுப்புவதாக இருந்தது. அது நான்தான் என்று ஒஸ்வால்ட் சேர் வாய்விட்டே சொல்லியிருந்தார். நாற்பதை எட்டப் போகிற எனக்கு ஒரு விமானப் பயணம், தனியாக ஓர் அறை, மாக்ரெட் இல்லாத ஒரு குசினி. நான் மனதுக்குள் பெட்டி கட்டியே முடித்துவிட்டேன்.

கடைசிப் பேச்சுக்கு இரு நாட்டு அதிகாரிகளும் கொழும்புக்கு வந்தார்கள். ஒருவர் மண்ணை மற்றவர் மிதிக்க மாட்டாராம். அவர்கள் பார்க்க அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை அச்சு அசலாகச் சின்னதாய்ச் செய்து மேசையில் வைக்க வேண்டும், யார் செய்வது என்று சேர் தலையைச் சொறிந்தார். என் வாய் சும்மா இருந்ததா?

“எங்கட மச்சாள் குடில் கட்டுறதில கெட்டிக்காரி சேர்” என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நாளைக்கே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

வந்தாள். வந்த கிழமையே எல்லாருக்கும் அவள் மாக்ரெட் அக்கா. தேத்தண்ணிக்குப் பட்டிஸ் வாங்கினால் முதலாவது அவளுக்கு. நான் கீறிய உயரக் கோடுகளின் மேல் மட்டையை வைத்து வெட்டி, அடுக்கி, கடதாசிக் கூழ் பூசி மலையாக்கினாள். கோடு என்னுடையது, பேர் அவளுடையது. அணை எழும்பினால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று காட்ட, மேலே இறக்கி வைக்கிற நீலக் கண்ணாடித் தகடு ஒன்றையும் சேர் செய்வித்தார்.

அதிகாரிகள் வரும் நாள் காலை நான் உள்ளே போய்ப் பார்த்தால், பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றின் இரு கரையிலும், சின்னச் சின்ன வீடுகள்!

“இதென்ன மாக்ரெட்?”

“வெறுமையாக் கிடந்துது மச்சாள். அதான் ஒட்டினனான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் வைச்சிருக்கிறன்.”

அணையால் மூழ்கப் போகிற சனத்தின் கதையைப் பிறகு பேசலாம் என்று இரு தரப்பும் ஒதுக்கி வைத்திருந்தன. அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. எங்கள் படங்கள் எதிலும் ஒரு குடிசைகூட இல்லை. இவள் நத்தார் நினைப்பில் ஊரையே குடியேற்றி வைத்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஐஸ்கிரீம் சாப்பிட்டது போல இருந்தது. ஓடிப் போய் சேரைக் கூட்டி வந்தேன்.

சேர் தலையில் கை வைத்தார். “உடன எடுங்கோ! அவையள் கீழ வந்திட்டினம்!” என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினார்.

மாக்ரெட் கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். “மச்சாள், தென்கரையை நீங்கள் எடுங்கோவன். பசை நல்லாப் பிடிச்சிட்டுது.”

நான் புது மணிப்புரிச் சேலை உடுத்திருந்தேன். “ஒட்டினவை எடுக்கட்டும்” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் வடகரையை முடித்தபோது கதவு திறந்துவிட்டது.

சேர் வியர்க்க வியர்க்கப் பேசினார். கடைசியில் நீலத் தகட்டை இறக்கினார்கள். தென்கரை வீடுகள் அதன் கீழே மங்கலாகத் தெரிந்தன. தென்கரைப் பெரியவர் எழும்பினார். எங்கள் வீடுகள் மட்டும்தான் மூழ்குமா, அவர்களுக்கு ஒரு சேதமும் இல்லையா என்று கேட்டார். வடகரைக்காரர் குனிந்து பார்த்தார். எங்கள் கரையில் பசை அடையாளம் கிடக்கிறதே, எங்கள் சனத்தை யார் சுரண்டி எடுத்தது என்று கேட்டார். பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. இந்த அலுவலகம் வேண்டாம் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டு இறங்கிப் போனார்கள். வேலை வேறு ஒரு நாட்டு நிறுவனத்துக்குப் போயிற்று. என் விமானமும் அதோடு போயிற்று.

சேர் முதலில் பாய்ந்தது என் மேல்தான். “நீர் என்ன செய்துகொண்டு நிண்டனீர்? ஒரு கை குடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே! நாளையிலயிருந்து நீர்...”

மாக்ரெட் நடுவே வந்து நின்றாள்.

“நான்தான் கிட்ட வரவேண்டாம் எண்டனான் சேர். உடைஞ்சு போயிடும் எண்டு பயந்தனான். பிழை என்ர.”

சேர் அவளை அப்போதே வீட்டுக்குப் போகச் சொன்னார். என் கதிரை தப்பியது.

கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் ஒன்றாகத்தான் போனோம். அவள் இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நான் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டை தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

“பசிக்குதே மச்சாள்? இறங்கி மாலுபாண் வாங்குவமோ?”

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை இன்றுவரை அவள் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. எங்களுக்குள் எத்தனை சண்டை வந்திருக்கும்! ஒவ்வொரு சண்டையிலும் இன்றைக்குச் சொல்லிக் காட்டுவாள் என்று நான் காத்துக்கொண்டு நிற்பேன். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், நானும் மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டி, அவளும் என்னைப் போல ஒருத்திதான் என்று ஆறிவிடுவேன். அவளோ கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு என் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி வைக்கிறாள். “சீனி போட்டாச்சு மச்சாள்” என்கிறாள்.