வேப்பிலை கட்டிய வீடுகள்

எண்பதுகளின் கடைசியில், பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் எங்கள் தெருவில் வாந்திபேதி பரவியது. குடிதண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது. அதைச் சரிசெய்ய யாரும் வரவில்லை. வீடு தேடி வந்து வைத்தியம் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் வெள்ளை வேன் மட்டும் தினமும் காலையில் வந்தது. வந்ததே தவிர, நோயாளி இருந்த எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை.

காரணம் வேப்பிலை. கொள்ளைநோய் என்றதும், மாரியாத்தாள் காப்பாற்றட்டும் என்று தெருவே வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. நிறுவனத்திலோ, வேப்பிலை கட்டிய வீடு அம்மை போட்ட வீடு, உள்ளே போகக்கூடாது என்று சட்டம். முந்தின கோடையில் அம்மை கண்ட வீட்டுக்குள் ஊசியோடு நுழைந்த நர்ஸை விளக்குமாற்றால் விரட்டினார்களாம். அந்த ஒரு விளக்குமாற்றுக்குப் பயந்து பெரிய மனிதர்கள் கூடிப் போட்ட சட்டம் அது.

ஆகவே வேன் வேப்பிலை இல்லாத ஒரே வீட்டில் நின்றது. அது வாத்தியார் வீடு. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அங்கே ஒருவருக்கும் ஒரு தும்மல்கூடக் கிடையாது. தினமும் நாடி பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பெயர் சேவை.

எதிர் வீட்டு அக்கா பேதியில் கிடந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செத்துப்போனாள். அவள் வாசலைத் தாண்டித்தான் வேன் வாத்தியார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் என் அம்மா படுத்தாள். கண்கள் குழி விழுந்துவிட்டன. ஓடிப்போய் வேனை மறித்தேன்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியல சிஸ்டர். வந்து பாருங்க."

நர்ஸ் எங்கள் வாசலைப் பார்த்தார். "வேப்பிலை கட்டியிருக்கே தம்பி. ஆபீஸ்ல திட்டுவாங்க."

"அம்மை இல்ல சிஸ்டர், பேதி."

"எங்களுக்கு ரூல் அப்படி."

வேப்பிலையைக் கொத்தோடு பிய்த்துச் சாக்கடையில் எறிந்தேன். உடனே சிஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அதே வீடு, அதே அம்மா, அதே நாற்றம். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். வேலை தெரிந்தவர்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

அம்மா பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சே, "வேப்பிலைய இன்னாடா பண்ண? ஆத்தா கோச்சிக்குவாடா. வேன் போனதும் கட்டிடு."

தெருவும் அதைப் பிடித்துக்கொண்டது. ஹாரன் கேட்டால் வேப்பிலை இறங்கும். வேன் திரும்பியதும் ஏறும். மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டதாக நிறுவனத்தார் பெருமை பேசிக்கொண்டார்கள்.

எதிர் வீட்டில் மட்டும் அந்த அக்காவின் புருஷன் வேப்பிலையைக் கழற்றவே இல்லை. காய்ந்து தொங்கியது. ஒருநாள் சிஸ்டர் அதைக் காட்டி, "அவங்களையும் கழட்டச் சொல்லுங்க தம்பி. வந்து பாக்கறோம்" என்றார்.

"பாக்க வேண்டியவங்கள அன்னிக்கே சுடுகாட்டுக்குத் தூக்கினு போயாச்சு சிஸ்டர்" என்றேன். "நீங்க வாத்தியார் ஊட்ல காபி குடிச்சினு இருந்தீங்க."