பாறை என்று எழுதிய ஏழு இடங்கள்

கொஸ்லந்தைக்கு மேலே, நான் கணக்கப்பிள்ளையாக இருந்த தோட்டத்தில், கோப்பிப் பயிர் அழிந்தபின் எதுவும் நடாமல் விட்ட ஒரு சரிவு இருந்தது. ஒவ்வொரு மழையும் அதன் மண்ணைக் கொஞ்சம் கொண்டுபோகும். அங்கே தேயிலை வைக்குமுன் மண்ணைத் தேற்ற வேண்டுமென்று துரை கிலுகிலுப்பை விதை வரவழைத்தார். செடி இடுப்பளவு வளர்ந்து பூக்கும்போது வெட்டி, குழியில் புதைத்தால் உரமாகும். என் நோட்டில் இருக்கிறது: ஐப்பசி, இரண்டாம் திங்கட்கிழமை, விதைப்பு, பிற்பகல் மழை.

அதே நோட்டின் முந்தைய ஆண்டுப் பக்கத்தில், அந்தச் சரிவில் புதைத்த ஒரு கைக்குழந்தையின் நாளும் இருந்தது. தாய் புல்வெட்டுக்காரி. அடக்கத்தன்று காய்ச்சலில் கிடந்ததால் அவள் இடத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைப் புதைத்த அவள் கணவன் ஒரு கல் வைத்திருந்தான். அடுத்த மழைக்குப் பிறகு அதைக் காணவில்லை.

குழி வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் என்னிடம் வந்தாள்.

"ஐயா, உங்க பொஸ்தகத்துல எல்லாம் இருக்குமில்ல? எம்புள்ள எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

நாள் இருந்தது, கிழமை இருந்தது. சரிவில் எந்த இடம் என்று நான் எழுதியிருக்கவில்லை.

தை மாதம் சரிவெங்கும் மஞ்சள் பூ. மேல் பாதையில் நின்று பார்த்தபோது ஏழு இடங்களில் செடி கருகருவென்று உயர்ந்து நின்றது. ஒவ்வொன்றும் தொட்டிலளவு. மற்றச் செடிகள் பூவோடு நிற்க, அந்த ஏழில் மட்டும் காய் முற்றிக் காய்ந்திருந்தது. காற்றே இல்லாமல் பனிமூட்டம் படுத்துக்கிடந்த காலைகளில்கூட அவை கிலுகிலுத்தன. வெட்ட வந்த பெண்கள் அந்தப் பக்கம் போகாமல் மற்ற இடங்களையே வெட்டினார்கள்.

அந்தச் சரிவில் புதைத்ததாக என் பதிவில் இருந்தது நான்கு குழந்தைகள்தாம்.

எது தன் பிள்ளை என்று அவள் கணவனைக் கேட்டாள். அவன் ஒன்றைக் காட்டினான், பிறகு இன்னொன்றை. பிறகு அழுதான்.

"ஐயா, ஏழையும் விட்டுருங்க" என்றாள் என்னிடம்.

பக்கத்தில் நின்ற கங்காணி சிரித்தார். "நல்லா இருக்கே! கொழுத்த மண்ண விட்டுட்டு கட்டாந்தரையில தேயில வைக்கச் சொல்லுவ போல."

மறுநாள் தேயிலைக் குழிக்குக் கயிறு பிடிக்கும்போது அந்த ஏழு இடங்களிலும் கயிற்றை வளைத்து முளைக்குச்சி அடித்தேன். துரை பார்க்கும் நிலப் படத்தில் ஏழிலும் 'பாறை' என்று எழுதினேன். பணியில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அதுதான்.

கங்காணி படத்தைப் பார்த்தார். "கணக்கப்பிள்ளை ஐயா, நேத்து வரைக்கும் இல்லாத பாறை ராத்திரியோட ராத்திரியா மொளச்சிருச்சோ?"

கடப்பாரை போன்ற அலவாங்கைத் தூக்கி முதல் இடத்தில் ஓங்கிக் குத்தினார். ஒரு சாண் ஆழத்தில் கல் ஒலித்தது. இரண்டாவதிலும் ஒலித்தது. மூன்றாவதில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஏழாவதற்குப் போகும்போது அவர் செருப்பைக் கழற்றியிருந்தார். அதுவும் ஒலித்தது.

கோப்பிக் காலத்தவர்களும் தங்கள் பிள்ளைகளுக்குக் கல் வைத்திருக்கலாம். மேலிருந்து வழிந்த மண்ணைக் கற்கள் பிடித்து வைத்திருக்கலாம். அதனால் செடி அங்கே செழித்திருக்கலாம். இன்று அப்படி எழுத முடிகிறது. அன்று, வெட்டிக் கிடந்த செடிகளுக்கு நடுவே, கங்காணி அலவாங்கைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். காய்கள் கிலுகிலுத்தன.

"விட்ருவோம்" என்றார் கங்காணி.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் பேர் எடுக்கும் பெரட்டுக்கு அவள் பிந்தி வந்தாள். கையில் காலிச் செம்பு. பேர் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏழுக்கும் பால் ஊத்திட்டேங்க ஐயா. அதுல ஒன்னு எம்புள்ளதான?"

ஆமாம் என்றேன். நோட்டில் அவள் பிள்ளையின் நாளுக்குப் பக்கத்தில் ஏழு இடங்களையும் எழுதினேன். படத்தில் 'பாறை' என்றிருந்ததை அடிக்கவில்லை.