செத்தவருக்கு மறுபடியும் இரண்டு கை

இன்று தாம்பரம் தியேட்டரில் காலைக் காட்சி. அந்தப் பறக்கும் வீரர்கள் படத்தின் ஏழாம் பாகம்.

படம் முடிந்தும் ஒருவரும் எழவில்லை. கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வருமாம், அடுத்த படத்துக்கு அச்சாரமாக.

திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எனக்குப் படிக்க வராது. இந்தப் பதிவையே போனிடம் வாயால் சொல்லித்தான் போடுகிறேன். படிக்கத் தெரிந்தவர்களும் அந்தப் பெயர்களைப் படிக்கவில்லை.

துடைப்பத்தோடு நின்றிருந்த அம்மாள் என்னிடம் வந்தாள். "எய்ந்திரு தாத்தா. அடுத்த ஷோக்குள்ள பெருக்கணும். நான் இன்னும் துன்னவேயில்ல."

"கடைசில இன்னாமா வருது?"

"செத்துப்போன தலைவரு திரும்பி வராரு. நாலு நாளா இதையேதான் பாத்துகினு கீறேன். கெளம்பு."

நம்பாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் பாகத்தில் அவருக்கு இடது கை போனது. நான்காம் பாகத்தில் மழையில் புதைத்தார்கள்.

வந்தார். இரண்டு கையோடு.

பக்கத்து சீட்டு ஐடி கம்பெனிக்காரர் விளக்கினார்: "இது வேற டைம்லைன் அங்கிள், இன்னொரு உலகம் மாதிரி. இங்க அவர் சாகவே இல்ல."

"அப்ப அன்னிக்கு நான் அழுதது?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

நான் வெளியே வரும்போது அடுத்த காட்சிக் கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தம்மாள் இன்னும் பாப்கார்னைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய சாப்பாட்டுப் பை கதவுக் கொக்கியில் அப்படியே தொங்கியது. அவள் சொன்னபோதே நான் எழுந்திருக்கலாம்.

கை எப்படி முளைத்தது என்று விளக்க நிறைய பேர் வருவீர்கள், வாருங்கள். அந்தம்மாள் எந்த டைம்லைனில் சாப்பிடுவாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.