பாவா வாங்கிவந்த வலி மாத்திரை

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. வாய் பாவா என்று கூப்பிடும், மனசு கூப்பிடாது. பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிறவர். நெய்கிறது என்னவோ அக்காதான். அவர் ஃபோன் பார்ப்பார்.

கரண்ட் இருக்கும்போது தறி நிற்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பராமரிப்பு வேலை என்று மாதத்தில் ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அன்றைக்குத்தான் போகலாம். மற்ற நாட்களில் இடுப்பு வலித்தாலும் முட்டி வலித்தாலும் பாவா மருந்துக்கடையிலிருந்து வாங்கிவரும் மாத்திரைதான். வருஷக்கணக்காக அதையே விழுங்கினாள்.

அப்புறம் எவனோ ஒருத்தன் பாவா ஃபோனுக்கு ஒரு செய்தி அனுப்பினான். வலி மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாக வருகிறதாம். அன்றிலிருந்து மனுஷன் ஊருக்கே டாக்டர். கல்யாண வீட்டிலும் அதே பேச்சு, சாவு வீட்டிலும் அதே பேச்சு. வலி இல்லாத நாளிலும் அக்காவை மாத்திரை போட வைத்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு மகளோடு மலையேற வந்தவள் திருத்தணியில் என் வீட்டில் தங்கினாள். குளித்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி, என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தாள். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. பொங்கலுக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம். பாவாவிடம் சொன்னதற்கு, "இவ்ளோ மாத்திரை போட்டுகினு இருக்கிற, உனக்கு எப்படி வரும்?" என்று கேட்டாராம். கட்டி வலிக்கவும் இல்லை, இவளும் நம்பிவிட்டாள்.

மறுநாளே ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். புற்றுநோய்தான். சென்னை ஆஸ்பத்திரிக்கு பாவாவும் கூட வந்தார். அங்கேயும் வெட்கமில்லாமல் ஃபோனை நீட்டினார். டாக்டரம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"குறையலாம்னு சிலர் சொல்றாங்க, இல்லைன்னும் சொல்றாங்க. வரவே வராதுன்னு யாரும் சொல்லலை. வந்த கட்டியை இது கரைக்காது."

பிறகு ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். கிட்னி கெட்டிருக்கிறது, கொடுக்க வேண்டிய மருந்தை முழு அளவில் கொடுக்க முடியாது என்றார். இத்தனை வருஷம் இந்த மாத்திரையைக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"யாரும் குடுக்கலைங்க. அவளாதான் வாங்கிப் போட்டுகினா" என்றார் பாவா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஆங், நானாதான் போட்டுகினேங்க."

அவர் மருந்து வாங்கப் போனதும், ஏன்டி பொய் சொன்னே என்று அக்காவைப் பிடித்து உலுக்கினேன். அவள் அழவில்லை.

"பொண்ணு இன்னும் ஸ்கூலுக்குப் போய்கினு இருக்கு. நான் இல்லாம போனா, அந்தாளுதானே அத பாத்துக்கணும்?" என்றாள்.