மேஜைக்கு அடக்கமான சங்கு

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் சுண்ணாம்புக்கு ஏகக் கிராக்கி. புதுத் துறைமுகம் வந்ததும் ஊரெங்கும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் கடற்கரையை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். பிறந்து வளர்ந்தது ஆழ்வார்திருநகரி. ஆறு தெரியும், வயல் தெரியும். கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான். அதையும் அதட்டலாகவே நடத்துவேன்.

பள்ளிக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக் காளவாசல். தீவுகளைச் சுற்றிக் கடலடியில் இருக்கும் பார் என்ற பாறைத்திட்டில் முருகைக்கல் என்கிற பவளப்பாறையை உடைத்து, இரண்டு வள்ளங்கள் அங்கே கொண்டுவந்து இறக்கும். அதைச் சுட்டால் சுண்ணாம்பு. ஊருக்கு அது வெறும் கல். அது கல் இல்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு, அது போனால் மீனும் போகும் என்று எட்டாம் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டி என்ன செய்ய? காளவாசல் முதலாளி அல்லவா ஆட்ட வேண்டும்.

அவர் ஏரல் பக்கத்துக்காரர். மரியாதையான மனிதர். முதல் தடவை போனபோது கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவையும் கலர்தான். மூன்றாம் தடவை, ஒரு திங்கட்கிழமை, உட்கார்ந்து கேட்டார். கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலையும் உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லையும் வைத்து ஓட்டலாமே, பாரில் உடைத்த கல்லை வாங்க வேண்டாமே என்றேன். வருகிற வெள்ளிக்கிழமை பள்ளியில் கடலைக் காப்பது பற்றி ஒரு பொருட்காட்சி வைக்கிறோம், நீங்கள் வந்து பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.

"புள்ளைய முன்னால சொல்லிட்டா பொறவு மாத்த முடியாதுல்லா டீச்சர்" என்றார்.

"அதுக்காகத்தான் கூப்பிடுதேன் அண்ணாச்சி."

சிரித்தார். "வெள்ளிக்கிழமைதானே? வாரேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்புக்கு வந்து, ஆளுக்கு ஒரு பொருள் கடலிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டேன். என் ஊரில் ஆற்றிலிருந்து கொண்டுவா என்றால் கூழாங்கல் கொண்டுவருவார்கள். இங்கேயும் மணலில் கிடக்கும் செத்த சிப்பி நாலு வரும் என்று நினைத்தேன். ஆனால் இந்தப் பிள்ளைகளின் அப்பாமார் கடலுக்குள் இறங்குகிறவர்கள். டீச்சரே கேட்டுவிட்டார் என்றால் கரையில் பொறுக்கியதையா கொடுத்தனுப்புவார்கள்? அது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. எனக்கு அது தெரியவில்லை.

சங்கு குளிக்கிறவர் மகள் ஒருத்தி மட்டும் எழுந்து, சங்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டாள்.

"சின்னதாக் கொண்டா. மேஜைக்கு அடக்கமா இருக்கும்."

"சின்னதுன்னா அப்பா திருப்பிக் கடல்லயே போட்டுருவாவ டீச்சர்."

சங்குக் கிடங்கில் துளை போட்ட ஒரு பலகை உண்டு. அந்தத் துளைக்குள் விழுகிற சங்கு வளராத சங்கு. அது கடலுக்கே திரும்ப வேண்டும். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பாடம் அந்தப் பலகையில் ஏற்கெனவே இருந்தது. அவள் அதைத்தான் சொல்ல வந்தாள். "சொன்னதைச் செய்" என்று அவளை உட்கார வைத்தேன்.

வியாழன் சாயங்காலம் வாளி வாளியாக வந்தது. பழுப்பும் பச்சையும் ஊதாவுமாக முருகைக்கல் பூங்கொத்துகள், பாட்டிலில் கடல்குதிரை, பலகைத் துளையில் விழக்கூடிய குட்டிச் சங்குகள் முப்பதுக்கு மேல். நான் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்ததெல்லாம் நிறத்தோடு எதிரே இருந்தது. வரிசையாக அடுக்கி, சீட்டு எழுதி ஒட்டி, பூட்டிவிட்டுப் போனேன். சந்தோஷத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் ஒரே நாற்றம். கல்லிலிருந்து வழவழவென்று ஏதோ ஒழுகி மேஜை விரிப்பை நனைத்திருந்தது. நிறமெல்லாம் போய்க் கற்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. கடல்குதிரைகள் மிதந்தன. நான் ஊதுபத்தி கொளுத்தினேன். புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். 'கடலைக் காப்போம்' என்ற எழுத்துக்குக் கீழே நின்று மேஜையைப் பார்த்தார்.

"இது எங்கன எடுத்தது?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டார்.

"நேத்துப் பாருல உடைச்சது. எங்க அப்பாதான் உடைச்சாவ."

"டீச்சர் கேட்டாவளா?"

"ஆமா" என்றாள் பெருமையாக.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளைகளிடம் நன்றாகப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வாங்கி வைத்திருந்த கலரைத் தொடவும் இல்லை.

மறுநாள் குட்டிச் சங்குகளையும் முருகைக்கல்லையும் எடுத்துக்கொண்டு அந்தச் சங்குக்காரர் மகளோடு கரைக்குப் போனேன். அவள் அப்பா ஒவ்வொரு சங்காக முகர்ந்து பார்த்துப் பிரித்தார். ஒன்பதை மட்டும் வள்ளத்தில் ஏற்றினார். "இது பொழைச்சுக்கிடும்" என்றார். முருகைக்கல்லைக் காட்டினேன். "அதைத் திருப்பி ஒட்ட முடியாது டீச்சர்" என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெட்கம் அதற்கு முன் நான் பட்டதில்லை.

திங்கட்கிழமை காளவாசலுக்குப் போனேன். தப்பு என்னுடையது, இனி எந்தப் பிள்ளையையும் இப்படிக் கேட்க மாட்டேன், நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்பதாக இருந்தேன். அண்ணாச்சி இல்லை. மேஸ்திரி மட்டும் நின்றார். அவருக்குப் பின்னால் புதிதாக இறக்கிய முருகைக்கல் குவியல்.

"போன திங்கக்கிழமை நீங்க வந்துட்டுப் போனதுமே மொதலாளி ரெண்டு வள்ளத்தையும் இனிமே வராண்டாம்னு சொல்லிட்டாவ டீச்சர். நாலு நாள் ஒரு கல்லு வரல்ல. வெள்ளிக்கிழமை ஒங்க பள்ளிக்கூடத்துல இருந்து மொதலாளி திரும்பி வந்தாவ. டீச்சரே எடுக்காவ, நமக்கென்னன்னு திரும்ப வரச் சொல்லிட்டாவ."

குவியலில் ஒரு கல்லைத் தொட்டேன். ஈரம் காயவில்லை. கையில் வழவழவென்று ஒட்டியது.